ஒரே ஒரு ஓட்டு

கடற்சுறா கால்பந்து கிளப்பில், ரசிகர்கள் தங்கள் போன் பக்கத்தில் எதைப் பேசினாலும் போன் அதைக் கேட்டு ஓட்டாக எண்ணிவிடும். பாதிப் பேருக்கு மேல் வேண்டாம் என்றால் பயிற்சியாளர் அன்றே மூட்டை கட்ட வேண்டும்.

வியாசர்பாடி டீக்கடையில் மஸ்தானும் குணாளனும் அன்று மாலை அப்படி ஓட்டுப் போடும் வேலையில்தான் இருந்தார்கள்.

"கோச் ஜெரோமைத் தூக்கப் போறாங்களாமே?" என்றான் மஸ்தான்.

"எங்க தூக்கறது? காலைலேர்ந்து திட்டறேன். சரிபாதில நிக்குது," என்று சுவரில் ஓட்டு எண்ணிக்கை ஓடிய திரையைக் காட்டினான் குணாளன்.

ஜெரோமின் மனைவி பிலோமினா கையில் போனோடு பஜ்ஜி வாங்க வந்தாள். இருவரும் கப்பென்று வாயை மூடினார்கள்.

"என்னாத்துக்கு மூடறீங்க? நானே சொல்றேன். பொண்ணு மொதமொதல்ல அப்பம் வாங்குன புதுநன்மை அன்னிக்குக்கூட சர்ச்சுக்கு வரல, மேட்சாம். அந்தாளை மொதல்ல மாத்துங்கப்பா!"

திரையில் எண் நகர்ந்தது. மறுநிமிடம் அவள் போன் அடித்தது.

"பிலோ, வேலை போச்சு," என்றார் ஜெரோம். "ஒரே ஒரு ஓட்டுல."

பிலோமினா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "யாராம்?"

"பேரு சொல்ல மாட்டாங்களாம். எவனோ வேலைவெட்டி இல்லாதவன்."

"நாசமாப் போறவன்," என்றாள், மெல்ல. "நீங்க வீட்டுக்கு வாங்க."

போனை வைத்துவிட்டு, கலங்கிய கண்ணோடு இருவரையும் முறைத்தாள்.

"நான் முன்னாடி சொன்னது ஏதாச்சும் காதுல வுழுந்துச்சா?"

"இல்லக்கா," என்றான் மஸ்தான். "நாங்க கிரிக்கெட் பேசிக்கினு இருந்தோம்."