நானூற்றிருபது கிராம்

2003ஆம் ஆண்டுக் குளிர்காலத் தொடக்கத்தில், ரொம்சோஸ் என்ற புறநகரில் மளிகைக்கடை வைத்திருந்த ஜசிந்தாவிடம் இரண்டு முறை கத்தியைக் காட்டிக் கொள்ளையடித்தார்கள். அதன்பிறகு அவள் நகரின் மறுபக்கம் பியோர்ண்டாலில் களவாகத் துப்பாக்கி விற்கும் ஒருவரைத் தேடிப் போனாள். அவர் மேசையில் மூன்று ரிவால்வர்களை வைத்தார். எதையும் அவள் வைத்திருக்கக் கூடாதென்று இருவருக்கும் தெரியும். ஒவ்வொன்றையும் கோட்டுப் பைக்குள் போட்டு நடந்து பார்த்தாள். முதலாவது கோட்டை ஒருபக்கமாக இழுத்தது. இரண்டாவதை வெளியே எடுக்கும்போது துணியில் சிக்கியது. குட்டைக் குழல் கொண்ட மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது.

"இதுதான் பாரம் குறைவு அக்கா. போகப் போக இருக்கிறதே தெரியாது."

அதையே வாங்கி வந்து தன் கடைத் தராசில் வைத்தாள்; நானூற்றிருபது கிராம் காட்டியது. தை மாதம் முன்னூறு காட்டியது. தராசில்தான் பிழை என்று நினைத்துப் பருப்பை நிறுத்துப் பார்த்தாள். பருப்பு சரியாக இருந்தது. சித்திரையில் ரிவால்வரை வைத்தபோது தராசு அசையவே இல்லை.

"இன்னும் அதைக் காவிக்கொண்டோ திரியிறீர்?" என்று கணவன் யேசுதாசன் கேட்டான்.

"எதை?" என்றாள். பிறகுதான் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். தான் அதை மறந்தே போயிருந்தது அவளைப் பயமுறுத்தியது.

பதிவில்லாத ஆயுதங்களைத் தண்டனையின்றி ஒப்படைக்கலாம் என்று அரசாங்கம் அந்த வருடம் அறிவித்திருந்தது. மறுநாள் காலை ஜசிந்தா அதைப் பொலிஸ் நிலையத்து மேசையில் வைத்தாள். அதிகாரி ஒரு கையால் எடுக்கப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் முயன்றார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவர் முகமும் சிவந்ததுதான் மிச்சம்.

"இதை இங்கே யார் தூக்கி வந்தது?" என்று கேட்டார்.

ஜசிந்தா அதை இரண்டு விரல்களால் எடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள்.