இன்னும் தயாராகலப்பா

“இந்தத் தடவையும் பேர் குடுக்கலையா?”

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டார் அப்பா புகழேந்தி.

“இன்னும் தயாராகலப்பா,” என்றாள் சிந்துஜா.

“போன தடவையும் இதையேதான் சொன்னே. நம்ம கோயில் பெரிய தேரே வருஷத்துக்கு ஒருக்கா நிலையை விட்டுக் கிளம்பிடுது. நீ எப்பம்மா கிளம்புவே?”

பக்கத்து வீட்டு ரேவதி களுக்கென்று சிரித்தாள். சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் வேண்டுமானால், முதலில் அந்த ஊர் மொழித்தேர்வில் தேற வேண்டும். அதற்காக ராப்பகலாகப் படிக்கிறாள். தேர்வுக்குப் பேர் கொடுக்கும் நாள் வந்தால் மட்டும் பின்வாங்கிவிடுகிறாள்.

“எல்லாம் பயம். ஏறு வண்டியில. ஹெல்காம்மாவையே கேட்டுடலாம்.”

ஹெல்கா ஜெர்மன்காரர். கிரிவலப் பாதையில் வீடு எடுத்துப் பல வருடங்களாக இருக்கிறார். அப்பாவின் பழைய சவாரி. தமிழும் பேசுவார்.

“நீங்களே பேசிப் பாருங்கம்மா. எழுதலாமா வேணாமான்னு நீங்க சொல்றதுதான் முடிவு,” என்று சொல்லிவிட்டு, அப்பா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

ஹெல்கா ஜெர்மனில் கேட்கக் கேட்க, சிந்துஜா தடங்கலில்லாமல் பதில் சொன்னாள்.

“நீ எப்போதோ தயாராகிவிட்டாய். பிறகு ஏன் எழுதவில்லை?”

சிந்துஜா வாசலைப் பார்த்தாள். அப்பாவுக்கு ஒரு வார்த்தையும் புரியாது என்ற தைரியத்தில், ஜெர்மனிலேயே சொன்னாள்.

“அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நினைத்து மறைக்கிறார். பொழுது சாய்ந்தால் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தடவித்தான் எடுக்கிறார். கூட்டம் வரும் பௌர்ணமி இரவுச் சவாரியைக்கூட விட்டுவிட்டார். அம்மாவும் இல்லை. நான் தேறிவிட்டால் அவரைத் தனியே விட்டுப் போக வேண்டும். இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.”

ஹெல்கா வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்கு வந்தார்.

“புகழேந்தி, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.” அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“சரிங்கம்மா.”

அப்பா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சிந்துஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வழியெல்லாம் திட்டு விழும் என்று நினைத்தாள். அப்பா கண்ணைச் சுருக்கிச் சாலையையே பார்த்து ஓட்டினார். ஆட்டோ ஊர்ந்து போனது.

“அப்பா, முன்னாடி மாடு.”

வழக்கம்போல அவள் சொன்ன பிறகுதான் பிரேக் விழுந்தது. அப்பா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். சாவியைத் திருகி அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்றோடு வண்டி ஓட்டுவதை விடுகிறேன். கண்தான் போகிறது. காது நன்றாகக் கேட்கிறது. நாளைக்கே போய்ப் பேர் கொடு.”



வெளிநாட்டுக்காரர்களை ஏற்றி இறக்கியே கற்றுக்கொண்ட ஜெர்மனில், வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொல்லி முடித்திருந்தார் அப்பா.