அம்மன் சொன்ன பக்கம்

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற அப்போத்திக்கரி தில்லைநாதன் கோயில் வாசலில் செருப்போடு நின்றுதான் கத்தினார்.

"வீரகத்தி, உம்மடை அம்மன் எந்த டாக்குத்தரிட்டைப் படிச்சவா?"

அவர் போட்ட சத்தத்தில் குளத்துக் கொக்கெல்லாம் எழும்பிப் போயின. உருத்திரபுரம் ஊரே விறைத்து நின்றது. இந்த மனிசனுக்கு நாக்கு அழுகும் என்றார்கள்.

சங்கதி இதுதான். யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருஷம், வீரகத்தியின் பழுதான சலப்பையை, அதுதான் மூத்திரப்பையை, டாக்குத்தர்மார் வெட்டி எடுத்துவிட்டார்கள். சலம் வருகிற குழாய் இரண்டையும் கொண்டுபோய்ப் பெருங்குடலில் தைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு இரண்டு அலுவலுக்கும் ஒரே வாசல். ஆனாலும் மனிசன் எருமைக்கடா மாதிரி உழுதார், விதைத்தார். வெட்டினவர்களை மறந்துபோனார், அம்மனுக்கு மட்டும் வருஷம் தவறாமல் பொங்கினார்.

இப்போது இரத்தம் போகிறது.

"தைச்ச இடத்திலை கன காலம் கழிச்சுப் புதுக்கட்டி வரலாமெண்டு அப்பவே சொன்னவை. உடனை கொழும்புக்குப் போம். பிந்தினால் ஆள் தப்பாது," என்றார் தில்லைநாதன்.

"போனால் அம்மன் கோவிப்பா ஐயா. நான் தந்த உயிரிலை உனக்கு நம்பிக்கையில்லையோ எண்டு கேப்பா."

"நானும் சொல்லிப் பாத்திட்டன் ஐயா," என்று மனைவி சிவனேஸ்வரி அழுதா. "அம்மன் வாய் திறந்து சொன்னால்தான் போவாராம்."

"அப்ப பாடையைக் கட்டுங்கோ!"

தில்லைநாதன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கோயில் பூசாரி மயில்வாகனத்துக்குக் கலை வந்தது. கலை வந்தால் அவர் வாயால் அம்மன் கட்டுச் சொல்லுவா. காணாமல்போன மாடு, வராத மழை, அமையாத மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அவவிடம் பதில் இருக்கும். அன்றைக்கு மயில்வாகனம் வேப்பிலையோடு வீரகத்திக்கு முன்னால்தான் பாய்ந்தார்.

"டேய்! சலக்குழாய் குடலிலை தைச்ச இடத்திலை, வலப்பக்கத்திலை, கட்டி முளைச்சிருக்கடா! நாளைக்கே கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போ! வெட்டிற டாக்குத்தரின்ரை கையிலை நான் நிப்பன்!"

சனத்துக்கு மயிர் கூச்செறிந்தது. மயில்வாகனம் ஆஸ்பத்திரி வாசலையே மிதியாத ஆள். கட்டி எந்தப் பக்கமென்று அவருக்கு எப்படித் தெரியும்?

"போறன் தாயே! விடியவே போறன்!" வீரகத்தி மண்ணில் நெடுக விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நம்பாதவர்கள் நம்பவேண்டாம். தில்லைநாதன் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடிவந்து, மயில்வாகனத்தின் காலில் தொப்பென்று விழுந்தார்.

"அரோகரா!" என்றது சனம். "பாத்தியளோ, ஆணவம் அடங்கின மாதிரியை!"

தில்லைநாதன் பிடித்த காலை விடவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"படிச்சுப் படிச்சுச் சொல்லித் தந்தனானே அண்ணை, இடப்பக்கம் எண்டு! இன்னொருக்கா ஆடுங்கோ!"