சாம்பல் பட்டியல்

அந்த ஊரில் கடைச் சாமான்களை யாரும் காகிதத்தில் எழுதுவதில்லை. விடிவதற்குள் வண்டிகளின் மேல் அனல்மின் நிலையத்தின் சாம்பல் படிந்திருக்கும். அதில் விரலால் எழுதிவிடுவார்கள். ஜெனிட்டாவும் கடைசியாகத் தன் கணவன் அருள்தாசின் பைக்கில், பெட்ரோல் டாங்க் மேல்தான் எழுதினாள்: தக்காளி, சீரகம், இருமல் மருந்து. அவன் முதல் இரண்டையும் வாங்கி வந்தான். மூன்றாவதை மறந்துவிட்டான். மறுநாள் அவள் மூச்சு நின்றது.

அவள் எழுதிய அன்றே நிலக்கரி வராமல் நிலையமும் நின்றது. நாற்பது நாளாக ஊரில் யாருக்கும் கூலி இல்லை. அருள்தாஸ் வீட்டிலும் அரிசி தீர்ந்திருந்தது. எல்லாரும் புகை வராதா என்று புகைபோக்கியைப் பார்த்தார்கள். அவன் மட்டும் வந்துவிடக் கூடாதே என்று பார்த்தான். அவள் எழுத்து அழியாமல் இருந்த பைக்கைத் தொடாமல் எங்கும் நடந்தே போனான்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பொன்ராஜ் ஓடிவந்தார். "கரிக் கப்பல் வந்துட்டுடே! அங்க பாரு, புகை கிளம்பிட்டு. சட்டையப் போடு, வேலைக்கு வேன் வந்திருக்கு, உன்னையும் கூப்பிடுதாங்க." பேசிக்கொண்டே தோளிலிருந்த துண்டை உருவினார். "இது என்ன வண்டியா, திருநீத்துத் தட்டா? தள்ளு, துடைச்சு விடுதேன்."

அருள்தாஸ் அவர் கையைத் தட்டிவிட்டான். முதல் சாம்பல் துகள் 'தக்காளி' என்ற எழுத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. அவன் சட்டென்று பைக்கின் மேல் குனிந்து, டாங்கில் உடம்பு படாமல் முதுகைக் கூரைபோல் வளைத்து நின்றான்.

"வேன் போயிரும்டே" என்றார் பொன்ராஜ்.

அவனுக்கு இருமல் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டான்.