முதல் ஆத்துமா

"தொட்டியில தண்ணி நிக்க மாட்டேங்குதுங்க. அடைப்பான் தேஞ்சு போச்சு."

"அவனையே சரிபண்ணச் சொல்லு. அவன் தொழில்தானே அது."

"நல்லாவா இருக்கும்? ஞானஸ்நானம் எடுக்கிறவரே தொட்டியையும் ரிப்பேர் பண்ணணுமா?"

"நாலு வருஷமா இங்க எது நல்லா இருந்துச்சு, இது நல்லா இருக்க?"

மிஷனரி வெள்ளை அங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வரவேற்பறையை எட்டிப் பார்த்தார். குழாய்க்காரர் தோளில் துண்டுடன், பல் பிடுங்க வந்தவரைப் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மிஷனரியின் மனைவி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

தலைமை நிலையத்துச் செயலாளரின் கடிதம் மூன்று வாரமாக மேசைமேல் கிடந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு ஞானஸ்நானப் படமாவது வந்து சேர வேண்டும், இல்லையேல் பணித்தளத்தை மூடிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஊருக்குப் போனால் மச்சானின் சபையில் மைக் செட்டுக்குக் காவல் இருப்பதுதான் வேலை. சோறு கேட்பதைக்கூட மைக்கில் கேட்பது போலக் கேட்கிற மச்சான்.

மாதம் முடிய இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

"இந்த ஊர் ஜனங்களுக்கு மண்டை பூரா களிமண்ணு" என்பார் மிஷனரி. பேருந்து நிறுத்தத்தில் அவர் நீட்டுகிற துண்டுப் பிரசுரத்தை மரியாதையாக வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, மரியாதையாகவே திருப்பிக் கொடுக்கிற ஜனங்கள். அவர்களுடைய பாஷையில் 'வணக்கம்', 'என்ன விலை' இரண்டுக்குமேல் அவர் வாயில் எதுவும் நுழையவில்லை. 'ஊழியம்னா முதல் வேலை அந்த ஜனங்களோட பேச்சைக் கத்துக்கிறது' என்று ஊரில் மேடைக்கு மேடை முழங்கிவிட்டு வந்தவர் அவர்.

இத்தனை களிமண்ணுக்கு நடுவே வாய்த்தவர்தான் குழாய்க்காரர். ஒரு வருடத்துக்கு முன்பு சமையலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தார். வேலை முடிந்தும் போகாமல், குடும்ப ஜெபம் முடிகிற வரை சுவரோரமாக நின்றார். அடுத்த சனிக்கிழமை கூப்பிடாமலே வந்தார். அதற்கடுத்த வாரம் நோட்டும் பென்சிலுமாக வந்து, தமிழ் சொல்லித்தரச் சொல்லி மிஷனரியின் மனைவியிடம் சைகையில் கேட்டார்.

வீட்டில் இருந்த ஒரே தமிழ்ப் புத்தகம் வேதப்புத்தகம். அதனால் அவர் கற்ற தமிழும் அப்படியே அமைந்துவிட்டது. தேநீர் வேண்டுமென்றால், "அம்மா, ஒரு கோப்பை தேநீரை எனக்குத் தந்தருளும்" என்பார். குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒழுகுகிறதாயிருக்கிறது" என்பார். மனைவிக்குச் சிரிப்பை அடக்க முந்தானை தேவைப்படும்.

"ஏங்க, ஒரு குழாய்க்காரருக்கு எதுக்குங்க தமிழு?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"வசனத்தோட வல்லமை. உனக்கு அதெல்லாம் புரியாது" என்று அவள் வாயை அடைத்தார் மிஷனரி.

போன வாரம்தான் அவர் நேரடியாகக் கேட்டார், "முங்குறியா?" என்று. குழாய்க்காரர் சற்று யோசித்து, "முங்குகிறேன்" என்றார். அன்றிரவு மிஷனரி மனைவியிடம் சொன்னார்: "பாவம், தெளிவு பத்தாது. என்ன சொன்னாலும் தலையாட்டுறான். ஆனா ஒண்ணு, படத்துல புத்தி தெரியப் போறதில்ல."

இரண்டே நிமிடத்தில் தொட்டியில் தண்ணீர் நின்றது. குழாய்க்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே இறங்கினார். ஆள் நெட்டை, தொட்டி குட்டை. தலை முங்கினால் முழங்கால் இரண்டும் மேலே வந்தன, முழங்காலை அமுக்கினால் தலை வந்தது.

"முட்டி நனையலைங்க" என்றாள் கைபேசியைப் பிடித்திருந்த மனைவி.

"முட்டிக்கு யாரு இரட்சிப்பு கேட்டா? நீ முகத்தை எடு."

மூன்றாவது முழுக்கில் படம் சரியாக விழுந்தது. நனைந்த தலை, கூப்பிய கைகள், பின்னால் அங்கியில் மிஷனரி. கன்னத்தில் வழிந்த குழாய்த் தண்ணீர் கண்ணீர் மாதிரியே இருந்தது. செயலாளருக்கு அனுப்பினார். மச்சானுக்கும் ஒன்று அனுப்பினார், கீழே ஒரு வார்த்தையும் எழுதாமல்.

"முடிஞ்சுது. டீயைக் குடுத்து அனுப்பு" என்றார் மனைவியிடம், குழாய்க்காரரின் காதில் விழும்படியாகவே. "இனிமே வாராவாரம் வந்து உட்கார வேண்டாம்னு பக்குவமா சொல்லு. அவன் நின்னுட்டுப் போன இடத்தைத் துடைக்கவே உனக்குப் பாதி நாள் போகுது."

குழாய்க்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து மிஷனரியின் எதிரே நின்றார். தேநீர்க் கோப்பையை வாங்கவில்லை.

"ஐயா, உம்முடைய மேலிடம் மகிழ்ந்ததோ?"

"மகிழ்ந்தது, மகிழ்ந்தது. நீ கிளம்பு."

"என்னுடைய மேலிடமும் கடிதம் அனுப்பியிருக்கிறது, ஐயா."

மிஷனரி கைபேசியிலிருந்து கண்ணை எடுத்தார். "எந்த மேலிடம்?"

"நானும் இந்த ஊருக்கு ஊழியத்துக்கு அனுப்பப்பட்டவன். என் மார்க்கம் வேறே. மூன்று வருஷமாயிற்று, இந்த ஜனங்களில் ஒருவரும் எனக்குச் செவிகொடுக்கவில்லை." அவர் துண்டை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு ஒரே ஒரு படத்துக்கு, நீர் எங்கள் மார்க்கத்துக்கு மாறித் தருவீரா?"