குழாயடிச் சண்டை

"யோவ், மேஜை மேல இருந்து கையை எடு! இது எங்க கட்சி முதல்ல கையில எடுத்த பிரச்சினை!"

ராஜாத்தி போட்ட சத்தத்தில், மாநகராட்சிப் பொறியாளர் அறை வாசலில் தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் திடுக்கிட்டு எழுந்தார்.

"உங்க கட்சி கிழிச்சுச்சு! ஆட்சியில இருந்துக்கினு சாக்கடைத் தண்ணியைக் குழாயில உட்டதே நீங்கதான்" என்று எகிறினான் மாதேஸ்வரன்.

ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஒரு மாதமாகவே குடிநீரோடு சாக்கடை கலந்து வருகிறது. பிள்ளைகளுக்கு வரிசையாக மஞ்சள் காமாலை. கொடுத்த மனுவுக்கெல்லாம் "பார்க்கலாம்" என்பதுதான் பதில். அந்தப் பதிலைச் சொல்லும் பொறியாளர் நாராயணப்பன் குடிப்பதோ கேன் தண்ணீர்.

"மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்" என்றார் இப்போதும்.

"மனுவா? நாளைக்குக் காலையில எங்க ஆளுங்க ராயக்கோட்டை ரோட்டுல உக்காருவாங்க சார்!"

"அதுக்கு முன்னாடி நாங்க ஹைவேயில உக்காருவோம். கர்நாடகா பார்டர் வரைக்கும் லாரி நிக்கும். யார் முந்தறாங்கன்னு பாக்கலாம்டி!"

"யாரை டி போடற? நாக்கை அறுத்துடுவேன்!"

கத்திய வேகத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றான். இருமல் அடங்கியதும் மறுபடி ஆரம்பித்தான்.

"அறுத்துத்தான் பாரேன்!"

ஆபீஸே திரண்டுவிட்டது. ஆளாளுக்கு செல்போனில் வீடியோ எடுத்தார்கள். நாராயணப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது. மனு என்றால் கட்டித் தூக்கிப் பரணில் போடலாம். இரண்டு கட்சிகள் போட்டி போட்டு மறியல் செய்தால், மாற்றல் உத்தரவு வீடு தேடி வரும்.

"ஐயோ, சண்டையை விடுங்க! இன்னிக்கே பைப்பை மாத்திடறேன்" என்றவர், அங்கேயே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில், வாசலில் சும்மா நின்ற ஜேசிபி அந்தத் தெருக்களுக்குக் கிளம்பிப் போனது.

அதைப் பார்த்த பிறகுதான் இருவரும் முறைத்துக்கொண்டே ஆளுக்கொரு பக்கமாக வெளியேறினார்கள்.

இரண்டு தெரு தள்ளி, ஒரு பேக்கரி ஓரமாக மாதேஸ்வரன் பைக்கை நிறுத்தினான். வேகமாக நடந்து வந்த ராஜாத்தி பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுல தெனமும் டிவி முன்னாடி போடற கட்சிச் சண்டையை இன்னிக்குத்தான் போட வேண்டிய எடத்துல போட்டிருக்கோம்" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கு விடு மாமா, நம்ம பாப்பா முழிச்சிருப்பா."