பெரியவர்களுக்கான பதிப்பு

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகர நூலகத்தின் சன்னலுக்கு வெளியே மூடுபனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. செல்வரட்ணம், அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தடித்த புத்தகத்தை நீட்டினார்.

"எப்பவும் சிறுவர் பதிப்பும் சேர்த்தெல்லோ எடுப்பியள், அங்கிள்?" புதிதாக வந்த நூலகர் சாரங்கி கணினியைப் பார்த்துக் கேட்டாள். "வீட்டில சின்ன ஆளுக்கு அலுத்துப்போச்சோ?"

அவர் சிரித்தார். "படம் போட்ட சின்னது எனக்கு, பிள்ளை. எனக்குத் தெரிஞ்ச டெனிஷ் மொழிக்கு அதுதான் சரி. பெரியது மகள் ஸ்ரெபானிக்கு. வாசிச்சிட்டுச் சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் சண்டை பிடிப்பம்."

"அப்ப இண்டைக்குச் சின்னது வேண்டாமோ?"

"வேண்டாம். பெரியதை அவள் பாதிதான் வாசிச்சவள். மிச்சத்தை நான்தான் வாசிச்சுக் காட்டவேணும். அவளின்ர கல்லறைக்குப் பக்கத்தில குந்தியிருக்க வாங்கு ஒண்டு இருக்கு."

சாரங்கி புத்தகத்தைப் பதிந்து இரு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.

"ஒரு டெனிஷ் அகராதியும் தா, பிள்ளை."